கண்ணீர்த்துளி வண்டிக்கு மூன்று வரைபடங்கள்

1

லண்டனில் வீடில்லாதவர்கள் தெருவோரம் படுக்கிறார்கள். வீடுள்ளவர்கள் கோடை வந்ததும் வாடகை கொடுத்துப் புல்வெளியில் படுக்கிறார்கள். ஊரில் இருக்கும் என் தங்கையின் கணவருக்கு இதைத் தொலைபேசியில் விளங்கப்படுத்தப் பார்த்தேன்.

“மச்சான், உங்கட வீட்டுக்கு என்ன நடந்தது?” என்று அவர் கவலையோடு கேட்டார்.

“ஒண்டும் நடக்கேல்லை. வீடு நல்லாத்தான் கிடக்கு.”

“அப்ப ஏன் வெளியில போய்ப் படுக்கப் போறியள்?”

அவருக்குச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதினால் எனக்கும் விளங்கிவிடும் என்று ஒரு நப்பாசை.

தொடக்கி வைத்தவள் என் மகள் அபி. வயது இருபத்தாறு. ஒரே பிள்ளை. பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ரெய்னர்ஸ் லேனில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், புரட்டாதியில் லீட்ஸ் நகரத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாள். லீட்ஸ் இங்கிருந்து வடக்கே நாலு மணித்தியால ஓட்டம். நானும் மனைவி ராஜியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் அபி அடுத்த செய்தியைச் சொன்னாள்.

“போறதுக்கு முன்னம் உங்களோட சேர்ந்து ஒரு சாமான் செய்ய வேணும் அப்பா. ஒரு டியர்டிராப். நான் கொண்டுபோறன், லீவுக்கு நீங்களும் படுக்கலாம்.”

அது காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும், இரண்டு சில்லில் உருளும் சின்ன ட்ரெயிலர். பக்கவாட்டில் பார்த்தால் முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, ஒரு கண்ணீர்த்துளியைப் படுக்க வைத்தது போல இருக்கும். உள்ளே ஒரு மெத்தை, அவ்வளவுதான். நிமிர்ந்து நிற்க ஏலாது. பின்பக்கத்து மூடியை உயர்த்தினால் அடுப்பும் தட்டுகளும் தெரியும். சமைப்பது வெளியே, படுப்பது உள்ளே. இதைக் கடையில் வாங்காமல், ஆரோ வரைந்த படத்தைப் பார்த்து வீட்டிலேயே கட்டுவது இங்கே சிலருக்கு ஒரு பைத்தியம்.

“எனக்கு இதெல்லாம் தெரியாது பிள்ளை,” என்றேன்.

“நீங்கள் கிச்சின் பூட்டுற ஆள்தானே. இது சில்லு வைச்ச கிச்சின்.”

அவள் சொன்னதில் பிழை இல்லை. இருபது வருடங்களாக நான் லண்டன் வீடுகளில் சமையலறை அலுமாரிகள் பூட்டுகிறேன். வரைபடம் பார்த்துப் பலகை வெட்டித்தான் எங்கள் சோறு. அதனால் சம்மதித்தேன். மூன்று வரைபடங்களைத் தரவிறக்கி அச்சடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். “ஒண்டைச் சூஸ் பண்ணி வையுங்கோ. அடுத்த கிழமை பலகை வாங்குவம்.”

ஆறு கிழமை போயிற்று. நான் ஒன்றையும் தெரிவு செய்யவில்லை.

2

முதலாவது அமெரிக்க வரைபடம். புத்தகம் போலத் தடிப்பு. ஒவ்வொரு ஆணிக்கும் இடம் சொல்லியிருந்தார்கள். எல்லாம் அடி, அங்குலம், அங்குலத்தில் பதினாறில் ஐந்து என்று. அவர்கள் வீதியின் வலப்பக்கத்தால் ஓடுபவர்கள். ஆகவே வண்டியின் ஒற்றைக் கதவும் வலப்பக்கம். இங்கே அப்படி வைத்தால் கதவைத் திறந்து நேராக ஓடும் லொறிக்கு முன்னால்தான் இறங்க வேண்டும். முழுப் படத்தையும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றி வாசிக்க வேண்டியிருந்தது. நீளமும் கூட, பத்தடி.

இரண்டாவது அவுஸ்திரேலிய வரைபடம். எங்களைப் போல இடப்பக்கத்தால் ஓடுகிற நாடு, அளவுகளும் மில்லிமீற்றர். நிம்மதியாக இருந்தது. ஆனால் கல்லும் பள்ளக் கிடங்குமான பாதைகளுக்கென்று வரைந்தது. இரும்புச் சட்டமே பெரும் பாரம். எழுநூற்றைம்பது கிலோவைத் தாண்டினால் ட்ரெயிலருக்குத் தனியாக பிரேக் வைக்க வேண்டும் என்பது இங்கத்தைய சட்டம். இது தாண்டிவிடும்.

மூன்றாவது, இந்த நாட்டின் வடக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பென்சிலால் வரைந்த ஆறு தாள்கள். பாரம் குறைவு, வேலையும் குறைவு. ஒரு கதவு, ஜன்னல் இல்லை. ஆனால் மனுசன் ஒரே தாளில் அகலத்தை அடியிலும் உயரத்தை மில்லிமீற்றரிலும் குறித்திருந்தார். சில இடங்களில் இலக்கம் மட்டும் இருந்தது. அது எந்த அளவு என்று எழுதவே இல்லை.

திங்கட்கிழமை அமெரிக்கப் படம்தான் என்று முடிவெடுப்பேன். புதன்கிழமை அவுஸ்திரேலியப் படம் சரியென்று படும். வெள்ளிக்கிழமை வேலையால் வந்து சட்டை மாற்றாமலே அந்த ஆறு தாள்களையும் விரித்து வைத்துக்கொண்டு இருப்பேன். அளவு எழுதாத அந்த இலக்கங்களைக் கண்டால் மட்டும் தாளைத் திருப்பி வைத்துவிடுவேன். அடியை மீற்றராக மாற்றுவது எனக்கு மூச்சு விடுவது போன்ற வேலை. ஆனாலும் அந்தத் தாளில் பென்சில் ஓடாது. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

“ஒரு பெட்டி செய்யிறதுக்கு இவ்வளவு யோசனையோ?” என்றாள் ராஜி. “என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு தேத்தண்ணி ஆற முதல் ஓம் எண்டு சொன்னனீங்கள்.”

3

வரைபடம் முடிவாகாவிட்டாலும் மற்ற அலுவல்களைப் பார்ப்போம் என்று காப்புறுதிக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். இலக்கங்களை அழுத்தி, பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தாள். நான் ஒரு டெயர்டிராப் கட்டப்போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“மன்னிக்கவும், என்ன கிழிந்துவிட்டது?” என்றாள் அவள்.

“ஒன்றும் கிழியவில்லை. நான் இன்னும் கட்டவே தொடங்கவில்லை.”

“கட்டாத ஒன்று கிழிந்திருக்கிறதா?”

ஐந்து நிமிடம் இப்படியே போயிற்று. பிறகு அபிக்கு எடுத்துக் கேட்டேன். அவள் சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. ஆங்கிலத்தில் கண்ணீருக்கும் கிழிவதற்கும் எழுத்து ஒன்றுதானாம், உச்சரிப்புத்தான் வேறாம். “டெயர் இல்லை அப்பா. டியர். டியர் எண்டு சொல்லுங்கோ.”

மறுபடி கம்பனிக்கு எடுத்தேன். கவனமாக, அழுத்தமாக, “டியர்” என்று தொடங்கினேன். குசினிக்குள்ளிருந்து ராஜி எட்டிப் பார்த்தாள்.

“ஆரை டியர் எண்டு கூப்பிடுறியள்?”

இவ்வளவு காலம் இந்த நாட்டில் இருந்தும் ஒரு சொட்டுக் கண்ணீரை ஒழுங்காகச் சொல்ல வராது. அந்தப் பெண் இறுதியில் விளங்கிக்கொண்டாள். ஆனால் நீளம், அகலம், பாரம் எல்லாவற்றையும் கேட்டாள். வரைபடத்தைத் தெரிவு செய்யாதவனிடம் அவற்றுக்குப் பதில் ஏது? தெரிவு செய்துவிட்டு எடுங்கள் என்றாள்.

அந்தக் கிழமை வடலண்டன் எட்மண்டனில் ஒரு வீட்டில் வேலை. அடுப்புக்கு வெட்ட வேண்டிய துவாரத்தை மேசைப்பலகையின் மறுகரையில் வெட்டிவிட்டேன். இருபது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. வீட்டுக்காரி மலேசியத் தமிழர், நல்ல மனுசி. “உடம்பு சரியில்லையா, அண்ணே?” என்று கேட்டு ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. எதற்காகக் குழம்பிப்போய் இருக்கிறேன் என்றுதான் பிடிபடவில்லை. மகள் போகிறாளே என்ற கவலை என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை.

4

அடுத்த ஞாயிறு அபி வந்தாள். மேசையில் மூன்று படங்களும் அப்படியே கிடப்பதைப் பார்த்தாள்.

“இதைப் பேப்பரில பாத்துக்கொண்டு இருந்தா சரிவராது. மட்டையில முழு சைஸில ஒண்டு செய்து பாப்பம்.”

அலுமாரிகள் வரும் பெரிய மட்டைப்பெட்டிகளுக்கு என் கராஜில் பஞ்சமில்லை. எது சுலபமோ அதைச் செய்வோம் என்று மூன்றாவது படத்தை எடுத்தோம். நான் வெட்ட, அபி ஒட்டினாள். மத்தியானத்துக்கு முன்னரே வீட்டு வாசலில் மண்ணிறத்தில் ஒரு கண்ணீர்த்துளி நின்றது. அகலம் நாலடி. உள்ளே உயரம் மூன்றரை அடி. சோபா மெத்தைகளைப் போட்டோம்.

“கட்டுற ஆள் முதல்ல படுத்துப் பாருங்கோ,” என்றாள் அபி.

தவழ்ந்து உள்ளே போய் மல்லாக்கப் படுத்தேன். மட்டையும் பசையும் மணந்தன. வெளியே பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் சத்தம். நன்றாகத்தான் இருந்தது.

“கதவை மூடிப் பாக்கட்டோ அப்பா?”

“ஓம், மூடு.”

மட்டைக் கதவு நிற்கவில்லை என்று அவள் வெளியே டேப் போட்டு ஒட்டும் சத்தம் கேட்டது. வெளிச்சம் போயிற்று. பிறகு அபி கூரையில் மூன்று முறை தட்டினாள்.

“எப்பிடி இருக்கு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லக்கூடாது என்று உடம்பு முழுவதும் இறுகியது. தட்டினால் பேசக்கூடாது. இருமக்கூடாது. அவள் மறுபடி தட்டினாள். “அப்பா?” இன்னும் பலமாகத் தட்டினாள். நான் இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. மட்டையைக் காலால் உதைத்து உடைத்துக்கொண்டு வெளியே வந்ததாக அபி சொல்கிறாள். வாசலில் குந்தி இருந்தேன். முகமெல்லாம் வியர்வை. பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் மெஷினை நிற்பாட்டிவிட்டு வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார்.

அபி போனைக் கையில் எடுத்தாள். “அம்புலன்ஸுக்கு அடிக்கட்டோ?”

குசினியிலிருந்து ஓடி வந்த ராஜி அவளைத் தடுத்தாள். என் பக்கத்தில் இருந்து தோளைப் பிடித்தாள். “இது வருத்தம் இல்லை,” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “சொல்லுங்கோ. பிள்ளைக்கு இருபத்தாறு வயசாச்சு.”

5

நான் இந்த நாட்டுக்கு விமானத்தில் வந்ததாகத்தான் அபி நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நான் சொன்னதும் இல்லை, இல்லை என்று சொன்னதும் இல்லை.

வந்தது லொறியில். பலகை ஏற்றிய லொறி. பலகை அடுக்குக்கும் முன்சுவருக்கும் இடையில் ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள். ஏழடி நீளம், இரண்டடி அகலம். ஆறு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு வரிசையாக இருந்தோம். சாரதி சுவரில் மூன்று முறை தட்டினால் சத்தம் போடக்கூடாது. சோதனைக்காரர்கள் கிட்ட நிற்கிறார்கள் என்று அர்த்தம். எத்தனை மணித்தியாலம் இருந்தோம் என்று இன்றும் எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவன் என் கையைப் பிடித்திருந்தான். இருட்டில் ஏறினோம், இருட்டில் இறங்கிப் பிரிந்தோம். அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

பிறகு தென்லண்டனில் குரோய்டன். அங்கே உயரமான ஒரு கட்டிடத்தில்தான் எங்கள் அகதி விசாரணை. மொழிபெயர்ப்பாளர் வந்துசேரப் பிந்தியது. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று நானே சொல்லிவிட்டேன். அந்த வயதின் வீறாப்பு. அதிகாரி மரியாதையான மனிதர். லொறிக்குள் இருந்த இடத்தை வரைந்து காட்டச் சொல்லித் தாள் தந்தார். ஒரு பெட்டி கீறி, 7 என்றும் 2 என்றும் எழுதினேன்.

“மீற்றரா?” என்று கேட்டார்.

“யெஸ், யெஸ்,” என்றேன். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் நான் சொன்ன பதில் அதுதான்.

“அப்படியென்றால் படுக்க இடம் இருந்திருக்கும்.”

“யெஸ்.”

மொழிபெயர்ப்பாளர் வந்த பிறகு எழுதியதைத் தமிழில் வாசித்தார்கள். ‘விண்ணப்பதாரி பயணம் செய்த இடம் போதிய விசாலமானது’ என்று கேட்டது. அது அடி ஐயா, மீற்றர் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், முதலில் ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்பார்கள். பொய்யன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். கையெழுத்துப் போட்டேன். சில வருடங்களில் விசாவும் வந்தது. ஆனால் பின்னர் ஆராவது கேட்டால், இடம் பெரிது, வசதியாகத்தான் வந்தோம் என்றே சொல்லப் பழகினேன். சொல்லிச் சொல்லி எனக்கே அந்தப் பெரிய அறைதான் நினைவில் நின்றது. ஏழு மீற்றர் அறைக்குள் ஆறு பேர் காலை நீட்டிப் படுத்திருப்பதைக் கண்ணை மூடினால் என்னால் பார்க்க முடியும். நடக்காத ஒன்றை எப்படி இவ்வளவு தெளிவாகப் பார்க்கிறேன்?

அபி உடைந்த மட்டையின் ஒரு துண்டைக் கையில் வைத்து மடித்து மடித்து விரித்தாள்.

“அம்மா, உங்களுக்குத் தெரியுமோ?”

“உவர் என்னட்டையும் பெரிய இடம் எண்டுதான் சொன்னவர்,” என்றாள் ராஜி. “ஆனா கல்யாணம் முடிஞ்ச கையோட எனக்கு விளங்கிட்டுது. பாத்ரூம் கதவைக்கூடப் பூட்டமாட்டார். லிப்டில ஏறமாட்டார். கேட்டா உடம்புக்குப் படியேறுறது நல்லது எண்டுவார்.”

“பாத்ரூம் கதவு பூட்டாததை நான் பேட் மானர்ஸ் எண்டு நினைச்சன்,” என்றாள் அபி. “என்ர பிரெண்ட்ஸ் வீட்டுக்கு வரேக்க வெக்கமா இருக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?”

“தெரியேல்லை பிள்ளை,” என்றேன்.

6

அன்று போகும்போது அபி சொன்னாள்: “இதை விடுவம் அப்பா. நான் ஒரு டென்ட் வாங்கிக்கொண்டு போறன்.”

நானும் ஓம் என்றேன். அவள் ஸ்டேஷனுக்குப் போன பிறகு வாசலைக் கூட்டி, மட்டைத் துண்டுகளைக் கட்டினேன். கட்டும்போது எனக்குக் கோபம் வந்தது. ஆரில் கோபம் என்று தெரியவில்லை. ஒரு பெட்டியை ஒழுங்காக வரைந்து, அளவை ஒழுங்காக எழுதி, அதைக் கட்டி முடிக்க என்னால் முடியும். அதுதானே என் தொழில்.

உள்ளே போய் அந்த ஆறு தாள்களையும் எடுத்தேன். இலக்கம் இருந்த இடமெல்லாம் பக்கத்தில் ‘அடி’ என்றோ ‘மி.மீ.’ என்றோ எழுதினேன். தமிழிலேயே எழுதினேன். முதல் தாளில் எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். மூன்றாம் தாளில் அழிக்கத் தேவைப்படவில்லை. பிறகு இடப்பக்கச் சுவரில் இருந்த கதவைப் போலவே வலப்பக்கத்திலும் ஒன்று கீறினேன். அபிக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

அவள் உடனே எடுத்தாள். “ரெண்டு கதவோ?”

“ஓம். ஆளுக்கொண்டு.”

“உள்ளாலயும் திறக்கிற மாதிரி ஹாண்டில் போட வேணும்.”

“போடுவம்.”

“கூரையில ஒரு ஜன்னல். பெரிசா.”

“மழை ஒழுகும் பிள்ளை.”

“ஒழுகட்டும்.”

ராஜி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் ஆராவது கேட்டால், நாங்கள் படுப்பதற்கு இல்லை, பிள்ளைக்கு என்று சொல்லும்படி என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

7

ஆடி மாதத்தில் பலகை வந்தது. எட்டடிக்கு நாலடி, நல்ல பிளைவுட். சனிக்கிழமை காலை கராஜ் வாசலில் இரண்டு தாங்கிகள் மேல் முதல் பலகையை வைத்தோம். மூன்றாவது வரைபடத்தின் வளைவை அபி பென்சிலால் கீறினாள். நல்ல கை அவளுக்கு. நான் இரண்டு தரம் அளந்து பார்த்தேன். எல்லாம் சரி. பலகை வெட்டும் மின்வாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

“கொஞ்சம் பொறுங்கோ அப்பா,” என்றாள்.

நின்றேன்.

“நானும் உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை.” அவள் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “லீட்ஸுக்குப் போறது வேலைக்காக இல்லை. வேலையை நான்தான் அங்க மாத்திக் கேட்டனான். அங்க ஒராள் இருக்கிறார். மார்க்கஸ். ஸ்கூல் டீச்சர். அவற்ற அம்மா அப்பா ஜமேய்க்கால இருந்து வந்த ஆக்கள். மூண்டு வருசமாத் தெரியும்.”

“மூண்டு வருசமோ?”

“ஓம். சொல்லப் பயமா இருந்தது. முதல்ல வேற மாதிரிச் சொல்லிட்டன். பிறகு அதை மாத்த வழி தெரியேல்லை.”

“அம்மாவுக்கு?”

“அம்மாவுக்குத் தெரியும்.”

ராஜிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வீட்டு ஜன்னல் சீலை அசைந்தது.

எனக்குள் ஒரே நேரத்தில் எத்தனையோ கேள்விகள். எந்தச் சமயம், என்ன சாப்பிடுவான், கல்யாணம் என்று ஏதும் கதைத்திருக்கிறார்களா, ஊரில் தங்கைக்கும் மச்சானுக்கும் என்ன சொல்வது, மூன்று வருடம் எங்கள் மேசையில் சாப்பிட்டுக்கொண்டு எப்படி இதை மறைத்தாள். கோபப்பட வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் பயத்தில் ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டு, பிறகு திருத்தத் தெரியாமல் நின்றவளைக் கோபிக்க என்னிடம் என்ன நியாயம் இருக்கிறது? அவள் பென்சிலைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஒன்றையும் ஒழுங்குபடுத்த முடியாமல், வாயில் முதலில் வந்த கேள்வியைக் கேட்டேன்.

“பெடியன் எவ்வளவு உயரம்?”

அபி நிமிர்ந்து பார்த்தாள். நான் கேட்டது அவளுக்கு விளங்கவில்லை என்று தெரிந்தது. பிறகு விளங்கியது.

“ஆறடி மூண்டு,” என்றாள். பென்சிலைப் பலகையில் வைத்தாள்.

மூன்றாவது வரைபடத்தில் படுக்கையின் நீளம் ஐந்தடி பதினொரு அங்குலம். நான் வாளின் பிளக்கைக் கழற்றினேன்.

“அப்ப இது சரிவராது,” என்றேன். “உள்ளுக்குப் போய் அந்தப் பத்தடி அமெரிக்கன் படத்தை எடுத்துக்கொண்டு வா.”